அனுப்புநரைச் சரிபார்க்க இயலவில்லை

காலை ஒன்பதே கால்.
திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
டிரெய்லர்கள் இன்னும் நகரவில்லை.
சரக்குப்பெட்டி அலுவலகத்தில்
என் கணினி மட்டும் விழித்துக்கொண்டு
சிவப்புப் பட்டை ஒன்றை விரிக்கிறது:

கவனம்.
இந்தக் கடிதம் ஆபத்தானதாக இருக்கலாம்.

கடிதம் நெட்டுக்குப்பத்திலிருந்து.
அமாவாசைக்கு மறுநாள் தேசப்பன் அனுப்பும்
கழிமுக மடல்.
மொத்தம் நாற்பத்தொரு பேருக்குப் போகிறது.
யார் யாரென்று ஒருமுறை கேட்டேன்.
'படிக்கிறவங்க பத்து.
மத்தவங்கல்லாம் ஆபீசருங்க.'

அனுப்புநரைச் சரிபார்க்க இயலவில்லை
என்கிறது அடுத்த வரி.

அது சரி.
ரேஷன் கடை இயந்திரத்தாலும் இயலவில்லை.
நைலான் கயிறு முப்பது வருஷமாய்த்
தின்றுவிட்ட கட்டைவிரலை
லுங்கியில் துடைத்துத் துடைத்து வைத்தும்
பொருந்தவில்லை என்றது.
அவருக்குப் பின்னால் நான்.
குனிந்து நின்றதில் கண்ணில் பட்டது
இடது கால் பெருவிரலில் நகம் இல்லை.
யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு
ஓடிபி வந்தது.
போனை வாங்கி
கடைக்கே கேட்க உரக்கப் படித்தேன்.
சர்க்கரை கிடைத்தது.
அதற்குக் கைம்மாறாகத்தான்
என் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கினார்.
வஞ்சிரம் தருவாரென்று நினைத்திருந்தேன்.

ஓசூரிலிருந்து கோகுலன் போன் செய்கிறார்.
'மேடம், அதைத் திறக்காதீங்க.
தெரியாத ஆள்கிட்டேர்ந்து வந்தா அழிச்சிடுங்க.'
'தெரிஞ்ச ஆள்தான்.'
'சிஸ்டத்துக்குத் தெரியணும் மேடம்.'
அவர் பின்னால் குக்கர் விசிலடித்தது.
உங்கள் ஜன்னலுக்கு வெளியே
என்ன வாசம் கோகுலன் என்று
கேட்க வந்து, கேட்கவில்லை.
இங்கே மூன்று நாளாக அழுகிய முட்டை.
எந்தப் பட்டையும் விரியவில்லை.
ஜன்னலைத் திறக்குமுன் யாரும்
நிச்சயமாகவா என்று கேட்கவில்லை.

'ஆபத்து புரிகிறது, தொடர்க.'
ஓரத்தில், பொடி எழுத்தில்,
அமுக்கக் கூடாதென்றே வைத்த பொத்தான்.
அமுக்கினேன்.

'மூணு நாள் எறங்குனேன்.
நண்டு ரெண்டு. ரெண்டும் சினை. உட்டுட்டேன்.
தண்ணி பால் ஊத்தாத டீ மாதிரி கீது.
மடவை ஒண்ணு என்னையே பாத்துச்சு.
அதையும் உட்டுட்டேன், இன்னாத்துக்குனு தெரில.
படம் கீழ கீது.'

கீழே படம் இல்லை.
உங்கள் பாதுகாப்பிற்காகப்
படங்கள் தடுக்கப்பட்டுள்ளன.
நான்கு சாம்பல் கட்டங்கள்,
மூலைக்கு ஒரு பெருக்கல் குறி.
என் மகனின் பள்ளிச் சட்டை
மொட்டை மாடியில் காய்ந்து இறங்குகிற நிறம்.

காட்டு என்றேன்.
மூன்று வரவேயில்லை.
நான்காவதும் சாம்பல்தான்.
தடுப்பு விலகவில்லை போலும் என்று
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.
பிறகு கண் பழகி
அது தண்ணீர் என்று புரிந்தது.
வலது கீழ் மூலையில், சேற்றில்,
நகமில்லாத ஒரு பெருவிரல்.

சரிபார்த்துவிட்டேன்.

இடையில் 'விழிப்புடன் இருப்போம்' என்று
கோகுலனின் மாத மடல் வந்து சேர்ந்தது.
பதினான்கு பக்கம், பச்சைக் குறியோடு.
எல்லாப் படமும் தானாகத் திறந்தது,
பூட்டு, பூட்டு, முகமூடிக்காரன், பூட்டு.

கிளீனர் பையன் வந்து
கேட் பாஸ் கேட்டு நிற்கிறான்.
இரு என்று
தேசப்பனுக்கு ஒரு வரி தட்டினேன்:
மடவை எவ்வளவு பெரிசு?

அனுப்புமுன் கடைசியாய் ஒரு மஞ்சள் பட்டை.
இந்த முகவரி
உங்கள் நிறுவனத்திற்கு வெளியே உள்ளது.

தெரியும்.
எர்ணாவூர் தாண்டி
கடல் பக்கமாய்த் திரும்பணும்.