செல்லாக் காசு

இரண்டு விரல் நுனிகளில் நிற்கிறது விமானம்.
இறக்கையின் முன்விளிம்பிலிருந்து நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்,
பென்சிலால் குறித்த இடம்.
மூக்கு தாழ்கிறது.
பேட்டரியை ஒரு விரற்கடை பின்னால் தள்ளுகிறேன்.
வால் தாழ்கிறது.
அரை விரற்கடை.
மூச்சை அடக்கினேன்; அதுவும் அடக்கியது.

மூக்கிலும் வாலிலும் நூல் கட்டித் தொங்கவிட்டால்
இடப்பக்கம் சாய்கிறது,
குடித்துவிட்டு வரும் என் மச்சான் ரெய்யோவைப்போல.
"எங்கேயோ பசை கூடிவிட்டது" என்கிறாள் ஐலா.
திருகாணி டப்பாவைக் கிளறி எடுத்தாள்
ஒரு பழைய மார்க்கா.
யூரோ வந்ததிலிருந்து கடையில் செல்லாது.
எடைக்குச் செல்லும்.
வல இறக்கை நுனியில் டேப் போட்டு ஒட்டினோம்.

காயானிக்கு வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது.
சக்கரம் கழற்றிச் சறுக்குக்கட்டை மாட்டியாயிற்று.
மைனஸ் பதினொன்று. கையுறை இல்லாத கட்டைவிரலுக்குக்
குச்சி எது, குளிர் எது, தெரியவில்லை.

ஏற்றிக் கவிழ்க்கிறேன்.
தலைகீழாய்ப் பறக்கையில்தான் பொய் வெளிவரும்:
மூக்கு கனத்தால் பனியைப் பார்த்து இறங்கும்.
இது இறங்கவில்லை.
மயிரளவு முன்தள்ளல், அவ்வளவே.
பிறகு கத்திபோல் ஒருச்சாய்த்து
பிர்ச் மரங்களின் உச்சியைக் கோடு கிழித்தபடி
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை.
நான்கு நிறுத்தச் சுழற்சி:
நில். நில். நில்.
நில்.

இறக்கிப் பார்த்தால்
வல நுனியில் டேப் மட்டும் படபடக்கிறது.
எந்தச் சுற்றில் விழுந்ததோ.
"கடைசிச் சுற்று நேராகத்தானே போச்சு?"
ஐலா பதில் சொல்லவில்லை,
குனிந்து தேட ஆரம்பித்திருந்தாள்,
வெள்ளை ஏரியில் ஒற்றை மார்க்காவை.