போசித் தண்ணி

ராகி குந்திய இடமெல்லாம்
வட்டம் வட்டமாய் வெளுத்துக் கிடக்கிறது புல்.
நடுவில் வைக்கோல் நிறம்.
விளிம்பில் மட்டும் ஒரு விரற்கடை
மற்ற புல்லைவிடக் கரும்பச்சை.

திருப்பூரில் இருபத்தாறு வருசம்
சாயப்பட்டறை மாஸ்டர் நான்.
இந்த ஷேடு எனக்குத் தெரியும்.
சரக்கு ஒன்றேதான்:
திக்காக விழுந்த இடம் வெந்துபோச்சு,
நீர்த்து ஓடிய இடம் தின்று கொழுத்தது.

"கொரியன் புல்லுங்க, என்ன விலை குடுத்தோம்"
நாயைக் கட்டிப்போடச் சொன்னாள் தெய்வாத்தாள்.
நர்சரிக்காரர் ஜிப்சம் என்றார்.
சோத்துல தக்காளி கலந்து வையுங்க என்றார் லிங்குசாமி,
அவர் வீட்டில் நாயும் இல்லை, புல்லும் இல்லை.

நான் போசியை எடுத்துக்கொண்டேன்.
விடிகாலை அஞ்சே முக்காலுக்கு அவள் பின்னாலேயே போகிறேன்.
குந்தினால் நிற்கிறேன்.
எழுந்ததும் ஊற்றுகிறேன், சூடு ஆறுவதற்குள்.
ஒன்றுக்குப் பத்து. பட்டறைக் கணக்கு.
லாரித் தண்ணி, ஜன்னலில் நின்று எண்ணுகிறாள் தெய்வா.
ராகி திரும்பிப் பார்க்கிறாள்,
இந்தாளுக்கு என்ன கேடு என்பதுபோல்.

வேலியோரம் ஜல்லி கொட்டி
அங்கே போகப் பழக்குகிறேன். போனால் அரைப் பொறை.
பத்துக்கு ஆறு தரம் போகிறாள்.

மூன்றாம் வாரம் புது வட்டம் இல்லை.
பழையதில் ஊசி ஊசியாய் ரெண்டு பச்சை.
தெய்வா சிரித்துவிட்டாள்.
"ஒரு நாய்க்குப் பின்னால இத்தனை பதனமாப் போறீங்களே..."
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நொய்யல் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி
அன்றைக்கு எந்தப் பட்டறையில் என்ன கலர் என்று
தண்ணியைப் பார்த்தே சொல்வேன் அப்போதெல்லாம்,
பெருமையாக.
கையில் போசி இல்லை.