ஏழு பை

சொஹார் துறைமுகம் போகிற ரோட்டில்
விடிகாலைப் பனிமூட்டத்துக்குள்
நின்றிருந்த ட்ரெய்லருக்குப் பின்விளக்கு எரியவில்லை.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
பன்னிரண்டு பேர் வேனில் தூங்கிக்கொண்டிருந்தோம்,
மடியில் சாப்பாட்டு டப்பா.
தொடையெல்லாம் சூடு.
குழம்பு கொட்டிவிட்டதென்றே நினைத்தேன்.
மூன்று பேர் எழுந்திருக்கவே இல்லை.

பி நெகட்டிவ்.
ஆஸ்பத்திரி இருப்பில் இரண்டு பைதான்.
ஃபலஜ் அல் கபாயில் கேம்ப் மெஸ்ஸில்
நைனா முகம்மது தட்டைக் கரண்டியால் அடித்து
ஐந்து மொழியில் கத்தினானாம்.
நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள்
பூட்ஸைக் கழற்றாமலே திரும்பினார்களாம்.
யார் யார், எத்தனை பேருக்குப் பொருந்தியது,
அவனுக்கும் தெரியாது.
வெளியிலிருந்தும் வந்தார்களாம்.
ஒருவர் காரை அணைக்காமலே
உள்ளே ஓடினாராம்.

ஏழு பை ஏற்றினார்கள்.
நாலாவதில் கண் திறந்தேன்.
கம்பியில் தொங்கியதில் எண் இருந்தது.
யாருடையது என்று நர்ஸ் ஷம்ஸாவிடம் கேட்டேன்.
"இஸம் மாஃபி" என்றாள்.
பெயர் இல்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.
ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தான்.
காலைப் பற்றிக் கேட்டான்,
கம்பெனி எவ்வளவு தரும் என்று கேட்டான்,
கடைசியில் குரலைத் தாழ்த்தி
"ஏத்துனது நம்ம ஆளுக ரத்தம்தானப்பா?"
பக்கத்துக் கட்டிலில் ஒரு பலூச்சி மீனவர்
எனக்கென்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
"ஆமாண்ணே. நம்ம ஆளுகதான்."

தொடைக்குள் இப்போது ஒரு கம்பி இருக்கிறது.
நாற்பது மீட்டர் உயரத்தில் பைப் பூட்டியவன்
ஸ்டோரில் உட்கார்ந்து பெல்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.
ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன்.
பஸ் போய்விடும் என்று பையன்கள் திட்டுவார்கள்.
சம்பளத்தில் முப்பது ரியால் குறைவு.
பூங்கோதை ஒன்றும் சொல்லவில்லை,
சீட்டிலிருந்து மட்டும் விலகிக்கொண்டாள்.

சாயங்காலம் ரொட்டிக் கடை வரிசையில்
எல்லோருடைய முழங்கை மடிப்பையும் பார்ப்பேன்.
இவனாக இருக்குமோ.
எனக்குள் ஏழு பேர் ஓடுகிறார்கள் என்று
ரூமில் பெருமை பேசுவேன்.
திடீரென்று காரம் பிடிக்காமல் போனதற்கு ஒருவன் காரணம்,
நடுராத்திரி ஃபுட்பால் பார்ப்பதற்கு இன்னொருவன்.

ஆறாம் மாசம் கால் காட்டப் போனபோது
ஷம்ஸாவிடமும் இதைச் சொன்னேன்.
சிரித்தாள்.
சிவப்பணு நாலு மாசம், அப்புறம் ஹலாஸ்.
இப்போது ஓடுவது உன்னுடையதுதான், பாய்.

பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
விசா முடிந்து
சொல்லாமல் ஊர் போய்விட்ட ரூம்காரர்கள் மாதிரி
ஏழு பேரும் போயிருந்தார்கள்,
அடுப்பை அணைத்து,
கட்டிலை எனக்கு விட்டுவிட்டு.

கொடுக்கலாம் என்று பத்தாம் மாசம் போனேன்.
ஏற்றிக்கொண்டவன் ஒரு வருஷம் பொறுக்க வேண்டுமாம்,
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
பதினாலாம் மாசம் கொடுத்தேன்.
பெரிதாக எதுவும் தோன்றவில்லை.
ஏசி குளிர். ஊசி கொஞ்சம் வலித்தது.
மாம்பழ ஜூஸ், கிரீம் பிஸ்கெட்.
பையில் எண் ஒட்டினார்கள்.
கடைசி மூன்று எண்ணைப் பார்த்து வைத்தேன்,
வாசலுக்கு வருவதற்குள் மறந்துவிட்டது.

அன்றைக்கு ரொட்டிக் கடையில்
கக்கத்தில் ஊன்றுகோல் வைத்த ஒரு பையன்,
நேபாளியாக இருக்கலாம்,
என் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சையே
பார்த்துக்கொண்டிருந்தான்.
சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.
நீ முன்னால் போ என்று காட்டினேன்.
அந்தக் கைதான்.
லேசாக வலித்தது.