பால் குவளை

பனித்தளத்தைச் சமன்செய்யும் வண்டி ஓட்டுகிறேன்.
இடைவேளையில் மட்டும் என்னைப் பார்ப்பார்கள்,
அதுவும் பார்ப்பதாகச் சொல்ல முடியாது.
அன்று இரண்டாம் பகுதி முடிய நான்கு நிமிடம் இருக்கையில்
நடுவர் என் பக்கம் திரும்பிக்
கதவைத் திற என்று கை காட்டினார்.

வெய்க்கா கையுறையால் வாயைப் பொத்தியிருந்தான்.
பதினொரு வயது.
ஒருமுறை விழுந்து முளைத்த பல்,
இனி முளைக்காத பல்,
நீலக்கோட்டருகே கிடந்தது.

அவசர எண்ணில் ஒரு பெண்.
பதறாத குரல், என்னையும் பதற விடாத குரல்.
வேரைத் தொடாதே, தலையைப் பிடி.
தேய்க்காதே. துடைக்காதே.
முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்ப வை.

முடியவில்லை.
நான்கு டன் வண்டியைச் சுவரோரம்
அரை விரல் இடைவெளியில் திருப்பும் கை
அரை விரல் பல்லுக்கு நடுங்கியது.
சரி, என்றாள். பால் இருக்கிறதா?

காபிக்கு வைத்திருந்த பால் இருந்தது.
அவன் அப்பாவுக்கு மர ஆலையில் இரவு ஷிப்டு,
கைபேசி லாக்கரில்.
சுவோமுஸ்ஸல்மியிலிருந்து காயானிக்கு
நூற்றுப் பத்துக் கிலோமீட்டர்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.

அடித்தவன் யால்மரி. எதிரணி.
யாரும் கூப்பிடாமல் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.
ஏன்டா, என்றார் அவன் பயிற்சியாளர்.
குவளையை யாராவது பிடிக்க வேண்டுமே, என்றான்.

வழியெல்லாம் கணக்குத்தான்.
தூரத்தை வேகத்தால் வகுத்தேன்,
நேரத்தைத் தூரத்தால் வகுத்தேன்,
எப்படி வகுத்தாலும் மீதி நின்றது.

ஹ்யூரின்சால்மி தாண்டித் துருவ மான்கள்.
சாலையில் தூவிய உப்பை நக்கியபடி
பதினாறோ பதினேழோ.
ஹாரனுக்கு ஒன்று மட்டும் தலை தூக்கியது.
யால்மரி குவளையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினான்,
கைகளை விரித்தான், கத்தினான்,
அழுகையும் அந்தக் கத்தலிலேயே போயிற்று.
மான்கள் தமக்கு நேரம் வந்தபோது நகர்ந்தன.
பாலில் கொஞ்சம் என் கால்சட்டையில்.
மூழ்கித்தான் இருக்கு, என்றான்
குவளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து.
வெய்க்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பல் போனால் சொல் போகும் என்பது
கிழவர்களுக்கான வாக்கு என்றிருந்தேன்.
பெயர் கேட்ட தாதியிடம்
'எய்க்கா' என்றான் பையன்.
மேல்பல் இல்லாமல் முதல் எழுத்து நிற்கவில்லை.
எய்க்கா? என்றாள்.
வெய்க்கா, என்றான் யால்மரி.
வெய்க்கா ஹல்மேதொயா, எண் பதினாறு.

டாக்டர் சிர்க்கு கம்பளிச் செருப்போடு வந்தார்,
கன்னத்தில் தலையணை மடிப்பு.
எவ்வளவு நேரம் ஆயிற்று?
ஒரு மணி நாற்பது.
பாலுக்கு வெளியே எவ்வளவு நேரம்?
அங்கேதான் நான் திக்கினேன்.
ஆறு நிமிடம் இருக்கும்.
என் கை நடுங்கிய நேரமும் சேர்த்து.

'டக்' என்று ஓர் ஓசை கேட்கும் என நினைத்திருந்தேன்.
இல்லை.
ஈர மண்ணில் விரல் இறங்குவது மாதிரி
அவர் மெல்ல அழுத்த அது போயிற்று.
பக்கத்துப் பற்களோடு ஒரு மெல்லிய கம்பி,
இரண்டு வாரத்துக்கு.

பிடிக்குமா?
வேர்தான் சொல்ல வேண்டும், என்றார்.
சில பல் பிடித்துக்கொள்ளும்.
சில பல்லை உடம்பே
கரைத்துத் தின்றுவிடும், வருடக்கணக்கில், வலிக்காமல்.
அதைப் பையன் முன்னால் சொன்னார்.
பையன் தலையாட்டினான்.

திரும்பும்போது இருவரும் தூங்கினார்கள்,
இரண்டு கதவுகளில் இரண்டு தலை.
மன்னிப்பு ஏதும் நான் கேட்கவில்லை, அவர்கள் பேசியிருந்தால்
மான்களின் சாலையில் பேசியிருக்கலாம்.

மறுநாள் காலை நீலக்கோட்டருகே
சிவப்பைச் சுரண்டி எடுத்தேன், தண்ணீர் விட்டேன்,
தளம் ஒன்றும் தெரியாதது போல் பளபளத்தது.
குவளை மட்டும் காரிலேயே இருக்கிறது.
பால் உறைந்து கல்லாகி,
நடுவே நூலளவு ரத்தம்.
காபி இடைவேளையில் போய்ப் பார்ப்பேன்.
கொட்ட வேண்டும்.
அந்தக் கம்பியைக் கழற்றட்டும் முதலில்.