இருபத்தொன்பதாம் தேதி

ஜூலைக் குளிரில் ஒரு காலை
சலவைக் கூடத்துச் சுவரில் தாள் ஒட்டினார்கள்:
மருத்துவமனை இரவுப் பணியாளர்
பதினொரு பேருக்கும் வேலை நிரந்தரம்.
கொண்டாட வேண்டும், இடம் பார் என்றார்கள் என்னிடம்.
என் கைபேசியில்தான் எப்போதும் காசிருக்கும்,
அது ஒன்றே தகுதி.

புவனோஸ் ஐரிஸில் உணவகத்துக்கா பஞ்சம்?
தெருமுனைக்கு மூன்று அடுப்பு.
ஆனால் ஸுல்மாவுக்குக் கோதுமை ஆகாது.
ஆகாது என்றால் பிடிக்காது என்றல்ல.
ஒரு துணுக்கு போதும்,
மூன்று நாள் குடல் முறுக்கிக் கிடப்பாள்,
அவள் பங்கு விரிப்புகளை நாங்கள் பிழிவோம்.

பலேர்மோவில் ஒரு குரல்: சாலட் இருக்கிறதே.
ஆறு டிகிரியில், நிரந்தரமானவர்களுக்கு, சாலட்.
அல்மாக்ரோவில்: மேல்மாவைச் சுரண்டிவிட்டுத் தருகிறோம்.
கபாயித்தோவில்: உங்கள் தோழி அவ்வளவு கறாரா?
ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார்:
"செனோரா, எங்கள் பீட்சா அடுப்பைத் திறந்தால்
எதிர்க்கடைக்காரன் மீசையும் வெளுக்கும்.
கூட்டி வராதீர்கள்."
அவர் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன்,
வேறொரு நாளைக்கு.

ஏவாரிஸ்தோ கேட்டான்,
இறைச்சி சுடுகிற இடத்துக்குப் போனால் என்ன,
மாட்டுக்கு ஏது மாவு?
ரொட்டியை எந்தக் கம்பியில் சூடாக்குவார்கள் என்றேன்.
துணி மடிப்பதை நிறுத்தி யோசித்தான்.

ஸுல்மாவிடம் யாரும் சொல்லவில்லை.
சொன்னால் வருகிற பதில் தெரியும்:
நான் வீட்டிலேயே சாப்பிட்டு வந்துவிடுகிறேன்.
ஒன்பது வருடமாக அதே வாக்கியம்,
இஸ்திரி போட்டதுபோல் சுருக்கமில்லாமல்.

மாதம்தோறும் இருபத்தொன்பதாம் தேதி
இந்த ஊர் ஞோக்கி தின்னும்,
உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்த சின்ன உருண்டைகள்.
தட்டுக்கடியில் நோட்டு வைத்துத் தின்றால்
அடுத்த மாதம் பணம் புரளுமாம்.
நாங்கள் தின்போம். அவள் எதிரே உட்கார்ந்து
இரண்டு அரிசி பிஸ்கட் கிடக்கும் தட்டின் கீழ்
தானும் ஒரு நோட்டைச் செருகுவாள்.
பணம் எங்களுக்கும் வந்ததில்லை, அவளுக்கும் வந்ததில்லை.
அந்த வகையில் சமம்.

பதினேழாவது அழைப்பு.
வில்லா உர்கிஸா, டயர் கடைக்குப் பக்கத்துக் கதவு.
எங்கள் சமையலறைக்குள் கோதுமையே வராது என்றாள் ஒருத்தி.
எத்தனை பேருக்கு ஆகாது?
ஒருத்திக்கு.
மற்றப் பத்துப் பேரும் அதையே சாப்பிடுவார்களா?
இதுவரை யாரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை.
சாப்பிடுவார்கள் என்றேன்,
ஒருவரையும் கேட்காமல்.

இரண்டு பேருந்து மாறிப் போனோம்.
நோர்பெர்தோ கோட்டுக்குள் அரை ரொட்டி ஒளித்திருந்தான்.
வாசலிலேயே பிடிபட்டான்.
டயர் கடை நாய்க்கு அன்று
முதல் பந்தி.

உள்ளே ஸுல்மா பட்டியலைப் பிரித்தாள்.
பணியாள் வந்தான், போனான்.
முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.
பணியாள் மறுபடி வந்து போனான்.
எங்கள் வயிறு கூப்பாடு போட்டது.
"இதில் எதைக் கேட்கக் கூடாது?" என்றாள் கடைசியில்.
எல்லாம் கேட்கலாம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மீண்டும் முதலிலிருந்து.
கறாரான பெண்தான்,
கபாயித்தோக்காரன் சரியாகத்தான் சொன்னான்.

ஞோக்கி வந்தது. தேதி அதுதானே.
உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பிசுபிசுப்பு.
சுவரொட்டி ஒட்டலாம் என்றான் நோர்பெர்தோ,
இரண்டாம் தட்டு கேட்டுக்கொண்டே.
பத்துத் தட்டுக்கடியிலும் நோட்டு.
பதினொன்றாவதில் இல்லை.

மறந்துவிட்டாயே என்று ஏவாரிஸ்தோ
தன்னுடையதை நீட்டினான்:
தட்டைக் கொஞ்சம் தூக்கு.

அவள் தூக்கவில்லை.
இரண்டு முழங்கையும் மேசைமேல் ஊன்றி,
வாய் நிறைய,
"இரு, இன்னும் முடிக்கலை" என்றாள்.