பின்னாலிருந்து

முந்நூறு டாலருக்கு மேல் சல்லிக்காசு கிடையாது என்று
கையுறையைக் கழற்றாமலே சொன்னாள் வெர்னா கெம்பைனென்.
வெளியே டுலூத் நகரத்து ஜனவரி.
சுப்பீரியர் ஏரியிலிருந்து ஏறி வந்த காற்று
கடைக்கதவையும் அவளையும்
ஒரே தள்ளில் உள்ளே தள்ளியிருந்தது.

நான் விற்பனையாளன். மனப்பாடம் தானாக வரும்.
ஏழு சேனல் ரிசீவர் எதற்கு, உங்கள் அறைக்கு ஐந்து போதும்.
பெட்டியில் அச்சிட்ட வாட்ஸெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்:
இரண்டு ஸ்பீக்கரை மட்டும் ஓட்டி அளந்த எண் அது,
ஐந்தும் சேர்ந்து கத்தினால் பாதி தேறுவதே பெரிது.
எச்டிஎம்ஐ துளைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.
வீட்டிலிருக்கும் பழைய ஸ்பீக்கர் எத்தனை ஓம்?
முதுகைத் திருப்பிப் பாருங்கள். நான்கு என்றால்
இந்த விலைக்கு வரும் பெட்டி சூடேறி மூர்ச்சையாகிவிடும்.
காசை முன்னால் போடுங்கள், நடு ஸ்பீக்கரில்,
பேச்செல்லாம் அங்கேதான்.
பின்னால் இருப்பவை ஒப்புக்குச் சப்பாணி.

"இல்லை," என்றாள்.
"எனக்குப் பின்னால் இருப்பவைதான் வேண்டும்."

முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளாம்.
முன்னால் இருந்தது
பனி, வைப்பர், மறுபடி பனி.
நடந்ததெல்லாம் முதுகுக்குப் பின்னால்.
ஆறாம் வரிசை இடப்பக்கம் ஆப்பிள் கடிபடும்.
ஒன்பதாம் வரிசையில் ஜிப் திறந்தால்
எவன் பை என்று தெரியும்.
யாரோ அழுகையை விழுங்குவார்கள்,
அது சத்தம்கூட இல்லை,
சத்தத்தில் விழுந்த பொத்தல்.
அதையும் கண்ணாடி பாராமல்
இருக்கை எண்ணோடு சொல்வாளாம்.

ஜூனில் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.
அன்றிலிருந்து வீட்டில் டிவி
மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த அதிகாரி மாதிரி
எதிரிலிருந்தே பேசுகிறது.
"முதுகு குளிர்கிறது," என்றாள்.

கால்பந்துக்கு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்,
மைத்துனன் வாங்கிவிட்டானே என்று வாங்குகிறவர்களையும்.
இதற்கு என்னிடம் மனப்பாடம் இல்லை.

உள்ளறைக்கு அழைத்துப் போனேன்.
தட்டில் இரண்டு ரிசீவர்கள்.
புதியது இருநூற்று எண்பத்தொன்பது.
யாரோ திருப்பித் தந்து, தொழிற்சாலை சரிபார்த்து அனுப்பியது
நூற்று எழுபத்தொன்பது, ஓரத்தில் ஒரு கீறல்.
சோதனைத் தட்டைப் போட்டேன்:
மழை, அதற்கு மேல் வட்டமடிக்கும் ஹெலிகாப்டர்.
நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்,
இரண்டு கையும் முன்னால், எதையோ பிடித்திருப்பதுபோல்.

"பின்னால் வலது பக்கம் சரியில்லை.
உட்கார்ந்திருக்கிறான், ஆனால் இருக்கையில் இல்லை."

சிரித்தேன். அக்டோபரில் நானே பூட்டிய இணைப்பு.
சும்மா அவள் திருப்திக்கு
டார்ச்சோடு தாங்கிக்குப் பின்னால் தவழ்ந்தேன்.
கறுப்பில் சிவப்பு. சிவப்பில் கறுப்பு.

மூன்று மாதம்.
அந்த நாற்காலியில் உட்கார வைத்துப்
பதினொரு செட் விற்றிருக்கிறேன்.
பதினொரு பேரும் தலையாட்டினார்கள்,
அவர்களுக்கு முன்பே நான் ஆட்டினேன்.

மாற்றிப் பூட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன்.
மழை அவளைச் சுற்றிவந்து மூடிக்கொண்டது.
அவள் பார்வை மட்டும் மேலே எழுந்து
கண்ணாடி இல்லாத இடத்தில் ஒரு கணம் நின்றது.
"உட்காரு," என்றாள், மெல்ல,
நானல்லாத யாரிடமோ.

கீறல் விழுந்ததையே எடுத்துக்கொண்டாள்.
மிச்சக் காசு முழுவதும் பின்பக்க ஜோடிக்கு,
இருபது மீட்டர் வயருக்கு.
நடு ஸ்பீக்கருக்கு ஒரு டாலர்கூட இல்லை.
நான் சொன்னதற்கெல்லாம் நேர் எதிராக
நானே பில் போட்டேன்.

இப்போதும் யார் வந்தாலும்
அதே மனப்பாடம்தான்: சேனல், வாட்ஸ், துளை, ஓம்.
பின்னால் இருப்பவை என்று வரும்போது மட்டும்
கொஞ்சம் இருமிக்கொள்கிறேன்.