கேட்க மட்டும்

லோரோங் கூலிட் சந்தையில் அறுபத்தைந்து என்றார்,
நாற்பது ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.
பழைய ஷேவர், ஜோடி இல்லாத செருப்பு,
மூடி தொலைந்த தெர்மாஸ்,
இவற்றின் நடுவே ரப்பர் வாலை நீட்டிக்கொண்டு
ஸ்கேனர் கிடந்தது.
"பேச முடியாது. கேட்க மட்டும்" என்றார் ஆ செங்,
குறையை ஒப்புக்கொள்வதுபோல.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினெட்டு வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்தவளுக்கு
அது குறையாகப் படவில்லை.

முதல் மூன்று இரவும் இரைச்சல்தான்,
தகரக் கூரையில் மூட்டை அரிசியைக் கொட்டியதுபோல.
ஓரத்துச் சின்னக் குமிழுக்கு ஸ்குவெல்ச் என்று பெயராம்.
கூடத் திருப்பினால் ஊரே செத்துப்போகும்,
குறையத் திருப்பினால் ஊரெல்லாம் மழை.
நடுவில் மயிரிழை இடம் ஒன்று உண்டு.
மனிதர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

"ஒட்டுக் கேட்கிறாயாக்கும்?"
நாத்தனார் திலகேஸ்வரி போனில் சிரித்தாள்.
போலீஸ் பேச்சையெல்லாம் எப்போதோ பூட்டிவிட்டார்கள்,
போனால் வெறும் கரகரப்பு என்றேன்.
அவள் ஏமாந்த மாதிரி இருந்தது.

நூற்று ஐம்பத்தாறு புள்ளி எட்டில் கப்பல்காரர்கள்.
எந்த நாட்டு மாலுமியோ,
பைலட் படகு எப்போது வருமென்று
நான்கு தடவை கேட்டான், மரியாதை குறையாமல்.
வேறோர் எண்ணில் காவல்காரர்கள் இருவர்
எந்தக் கட்டடத்திலோ விடிய விடியப்
பந்தாட்டம் பேசினார்கள்.
கணக்கு நோட்டில் கோடு போட்டுக்கொண்டேன்:
தேதி, மணி, எண்,
குரல் தெளிவு ஐந்துக்கு எத்தனை.

தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள்
பதினோராம் இரவு அகப்பட்டார்கள்.
உலாங் என்றால் திரும்பச் சொல்.
தெரிமா என்றால் வந்து சேர்ந்தது.
இந்த இரண்டு சொல்லும் வீட்டில் இருந்திருந்தால்
என் கல்யாணம் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.

ஒரு செவ்வாய், இரண்டு நாற்பது.
"ஜெலுத்தோங். கடைவரிசை பின்பக்கம். ஸ்டோரில் நெருப்பு."
தெளிவு ஐந்துக்கு ஐந்து.
ஜன்னலைத் திறக்குமுன்பே புகை வந்துவிட்டது.
"ஹைட்ரன் எங்கே?"
"வரைபடத்தில் இருக்கு. தரையில் காணோம்."
"உலாங்."
"காணோம். காணோம்."

எனக்குத் தெரியும்.
மீ கோரேங் ரஷீத் கடை கட்டும்போது
மடக்கு மேசைகளைச் சாய்த்து வைப்பது அதன்மேல்தான்,
அதற்கும் மேலே போன தேர்தல் பேனர்.
பெட்டியை வாயருகே கொண்டுபோய்
அமுக்க ஒரு பொத்தான் தேடினேன்.
எவ்வளவு நேரம் தேடினேனோ.

லிஃப்ட் வழக்கம்போல.
ஒன்பது மாடி, நைட்டிமேல் துண்டு,
ஐந்தாம் மாடித் திருப்பத்தில் ஒரு செருப்பு போயிற்று.
மேசைகளை நானே இழுத்துத் தள்ளினேன்.
பேனரில் கைகூப்பிய யாரோ ஒருவர்
தோளோடு கிழிந்தார்.
ஹெல்மெட்டுக்குள் வேர்த்து வழிந்த பையன்
"எப்படித் தெரியும் காக்?" என்றான்.
இங்கேதான் குடியிருக்கிறேன் என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

குழாய் விறைத்து நின்றதைப் பார்த்தேன்,
பிறகு நெருப்பு கறுத்துப் போனதை.
ஸ்டோரில் அட்டைப் பெட்டிகள்தான், ஆளில்லை.
தண்ணீர் காக்கிநிறமாய்
என் கால்மேல் ஏறி ஓடியது.

மேலே வந்தபோது, அணைக்க மறந்த பெட்டி
சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்தது.
"தண்ணீர் எப்படிக் கிடைச்சது?"
"ஒரு ஆன்ட்டி வந்து காட்டினாங்க. காலில் செருப்புகூட இல்ல."
"உலாங்."
"ஆன்ட்டி. செருப்பு இல்ல."
சிரிப்பு.
அப்புறம், இந்நேரத்தில் எந்த நாசி கண்டார் கடை
திறந்திருக்கும் என்ற விசாரணை.

நோட்டை எடுத்து எழுதினேன்:
நான்கு பதினைந்து. தெளிவு மூன்று.
ஒரு செருப்பு இருந்தது என்று
அவர்களிடம் சொல்ல வழியில்லை.